பஞ்சாப்ல நெல்லு, பர்மால உளுந்து... இந்தக் கணக்கு யாருக்காவது புரியுதா?

குரோம்பேட்டை மணி:
மக்களே ரொம்ப நாளா மண்டையக் குடையுற ஒரு சந்தேகம். மாசச் சாமான் லிஸ்ட்ல துவரம்பருப்பும் உளுந்தும் சேந்து பட்ஜெட்ல பாதியத் தின்னுடுது. நியூஸ்ல பாத்தா 2024-25ல மட்டும் 70 லட்சம் டன்னுக்கு மேல பருப்பு வகை இறக்குமதியாம். கனடா, ஆஸ்திரேலியா, பர்மா, ஆப்பிரிக்கானு கப்பல் கப்பலா வருது. அதே நாடு உலக அரிசி ஏற்றுமதில கிட்டத்தட்ட 40 சதவீதம் பண்ணுது. அரிசி வைக்க குடோன் இல்லாம எத்தனால் ஃபேக்டரிக்கு குடுக்குறாங்க.

இதுல பஞ்சாப்ல நிலத்தடி தண்ணிய உறிஞ்சி உறிஞ்சி நெல்லு போடுறாங்க, அப்புறம் வைக்கோல கொளுத்தி டெல்லிய மூச்சுத்திணற வைக்குறாங்க. எனக்கு விவசாயம் தெரியாது, தெரியாமத்தான் கேக்குறேன், விவசாயிங்க ஏன் இவ்ளோ பிடிவாதமா நெல்லையே புடிச்சுக்கிட்டு இருக்காங்க? வருஷத்துல மழை நாலு மாசம், அதுக்குத் தக்கன பருப்பு சிறுதானியம்னு மாத்திப் போட்டா எல்லாருக்கும் நல்லதுதான?

டீக்கடை பெஞ்ச்:
ஆரம்பிச்சாச்சு. பாப்கார்ன் எடுத்துட்டு வரேன் (அதுவும் மக்காச்சோளம்தான், டாபிக் மாறல)

லூதியானா செந்தில்:
மணி, நான் திருப்பூர்க்காரன், நூல் வியாபாரமா லூதியானால வந்து செட்டில் ஆயிட்டேன். இங்க எனக்குத் தெரிஞ்ச சர்தார்ஜிங்க முக்கால்வாசி பேர் வீட்டுல அரிசிய வாரத்துக்கு ஒருநாள் ராஜ்மாவோட சாப்டா பெரிய விஷயம், மத்த நாளெல்லாம் ரொட்டிதான். அவன் சாப்புடாத பயிரத்தான் அவன் போடுறான். அப்ப பிடிவாதம்னு எப்படிச் சொல்லுவீங்க?

1960-61ல பஞ்சாப்ல நெல்லு ரெண்டேகால் லட்சம் ஹெக்டேர்தான். கொண்டைக்கடலை எட்டு லட்சம் ஹெக்டேருக்கு மேல. ஆமா, பருப்புதான் போட்டுக்கிட்டு இருந்தாங்க, கோதுமையும் கடலையும் கலந்து விதைக்குற பழக்கம்கூட உண்டுனு பெருசுங்க சொல்லும். இப்ப நெல்லு 31, 32 லட்சம் ஹெக்டேர், கடலை வெறும் சில ஆயிரம். நடுவுல என்ன ஆச்சுனு பாத்தா 1965ல எஃப்சிஐ (இந்திய உணவுக் கழகம்) வந்துச்சு, வெலை நிர்ணயிக்குற கமிஷன் வந்துச்சு, மெக்சிகோ கோதுமை வந்துச்சு, அப்புறம் நெல்லுலயும் குட்டை ரகம் வந்துச்சு, மண்டிக்கு நல்ல ரோடு போட்டாங்க, 1997ல பம்புசெட்டுக்கு கரண்ட்ட ஃப்ரீ ஆக்குனாங்க. நெல்லு கோதுமை ரெண்டையும் மண்டிக்கு கொண்டுபோனா கவர்மெண்ட் கேள்வி கேக்காம எடுத்துக்கும், காசு அக்கவுண்ட்டுக்கு வந்துரும். வேற எந்தப் பயிருக்கும் இந்த உத்தரவாதம் கெடையாது.

கணக்கு போட்டுக் காட்டுறேன். ஏக்கருக்கு 26 குவிண்டால் நெல்லுனு வைங்க, 2025-26க்கு ஏ கிரேடு நெல்லு எம்எஸ்பி, அதாவது அரசு அறிவிக்குற குறைந்தபட்ச ஆதரவு விலை, குவிண்டாலுக்கு 2389. அறுபதாயிரம் தாண்டிருது. தொவரைக்கு எம்எஸ்பி 8000, பாக்க பெருசாத்தான் இருக்கும், ஆனா நாட்டுச் சராசரி மகசூல்ல ஏக்கருக்கு மூணரை குவிண்டால் தேறுறதே பெருசு. இருபத்தெட்டாயிரம். அதுவும் அந்த 8000த்துக்கு வாங்க ஆள் வந்தாத்தான். நீங்க அந்த நெலத்த குத்தகைக்கு எடுத்திருந்தா எதப் போடுவீங்க?

நிலா அக்ரி:
செந்தில் அண்ணா சொன்னது சரி, மழைக் கணக்கையும் சேத்துக்கலாம். தென்மேற்குப் பருவமழை ஜூன் 1 வாக்குல கேரளால தொடங்கி ஜூலை 8 வாக்குல நாடு முழுக்கப் பரவும், நாட்டோட வருஷ மழைல கிட்டத்தட்ட முக்கால் பங்கு இந்த ஜூன் செப்டம்பர்லயே கொட்டித் தீத்துரும். ஆனா ஒரே அளவா பெய்யாது. வங்காளம் ஒடிசா பீகார்லாம் ஆயிரம் மில்லிமீட்டர் வாக்குல, இல்ல அதுக்கும் மேல, அங்க நெல்லு மழையிலயே நிக்கும். பஞ்சாப்ல அதுல பாதிதான், மீதிய போர்வெல்ல இருந்து எடுக்கணும். வருஷத்துக்கு ஊறுற தண்ணி 100னா இவங்க எடுக்குறது 150க்கு மேல, மத்திய நிலத்தடி நீர் வாரியத்தோட கணக்கு இது.

அதத் தடுக்கத்தான் 2009ல சட்டம் போட்டாங்க, ஜூன் 10க்கு முன்னாடி நாத்து நடக்கூடாதுனு. மே வெயில்ல நட்டா தண்ணி ஆவியாப் போயிடும்ல, அதுக்காக. நியாயமான சட்டம்தான். ஆனா நடவு தள்ளிப்போனதும் அறுப்பும் அக்டோபர் கடைசிக்குத் தள்ளிப்போச்சு. நவம்பர்ல கோதுமை விதைச்சே ஆகணும், லேட் ஆனா மார்ச் வெயில்ல கோதுமை மணி சுருங்கிடும் (2022 மார்ச்ல அப்படி அடிச்ச வெயில்லதான் மே 13 அன்னைக்கு கோதுமை ஏற்றுமதியவே நிறுத்துனாங்க). ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு மூணு வாரம்தான் இருக்கு, வைக்கோல கொளுத்துறது ஏன்னு இப்ப புரிஞ்சிருக்கும். தண்ணிய மிச்சம் பண்ணப் போட்ட சட்டம் புகைக்கும் ஒரு காரணம் ஆயிடுச்சு. பூசா 44னு நாள் அதிகம் புடிக்குற ரகத்த அங்க ரொம்ப வருஷமா போட்டாங்க, அத இப்ப தடை பண்ணிட்டு பிஆர் 126 மாதிரி குறுகிய கால ரகத்துக்கு தள்ளுறாங்க, கொஞ்சம் நேரம் கெடைக்கும்.

குரோம்பேட்டை மணி:
ஓ இந்த ஜூன் மேட்டர் எனக்குத் தெரியாது. சரி பஞ்சாப்ப விடுங்க, நம்ம டெல்டா? காவிரித் தண்ணிக்கு வருஷா வருஷம் அடிச்சுக்குறோம், அங்கயாவது மாத்தலாம்ல? அங்கயும் நெல்லு நெல்லு நெல்லுதான்.

கீழத்தஞ்சை:
தம்பி ஐப்பசி கார்த்திகைல ஒருநாள் எங்க ஊருக்கு வாங்க, வண்டிச் செலவு நான் குடுக்குறேன். வயல்ல நிக்குற தண்ணியப் பாத்துட்டு இதுல என்ன பருப்பு போடலாம்னு நீங்களே சொல்லுங்க. எங்களுக்கு மழை வடகிழக்குப் பருவத்துல, களிமண்ணு, கடல் மட்டத்துக்கு ஒரு முழம் மேல இருக்குற நெலம். வடிகால் ஒழுங்கா இல்ல. நாலு நாள் தண்ணி நின்னா உளுந்து அழுகிரும், தொவரை அழுகிரும், நெல்லு ஒண்ணுதான் தாக்குப்புடிக்கும், அதுகூட பூட்டைல, அதாவது கதிர் வெளிய வர்றதுக்கு முன்னாடி, மூழ்குனா போச்சு. ஆக சம்பாவ மாத்துங்கனு சொல்றவங்களுக்கு எங்க நெலம் தெரியாதுனுதான் அர்த்தம். குறுவைய வேணா பேசலாம், அது மேட்டூரத் தொறந்தாத்தான், 2024ல ஜூன் 12 தொறக்க வழியில்லாம ஜூலை கடைசில தொறந்தாங்க, போர்வெல் இருக்குறவன் மட்டும் குறுவை போட்டான்.

ஆனா டெல்டால பருப்பே இல்லைனு யாரு சொன்னா? தைல சம்பா அறுக்க ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது, கதிர் நிக்குற வயல்லயே உளுந்தும் பச்சைப்பயறும் தெளிப்போம். மண்ணு மெழுகுப் பதத்துல இருக்கணும், கால வச்சா தடம் பதியணும் ஆனா சேறு ஒட்டக்கூடாது. ஈரம் சாஸ்தியா இருந்தா வெதை அழுகும், கம்மியா இருந்தா மொளைக்காது, அந்தப் பதம் ரெண்டு மூணு நாள்தான் இருக்கும், அதப் பாத்து தெளிக்குறதுதான் வித்தையே. நெல்லு அறுக்கும்போது செடி ரெண்டு எலை விட்டுருக்கும். அப்புறம் உழவு கெடையாது, பாசனம் கெடையாது, உரம் பேருக்குத்தான், மண்ணுல இருக்குற ஈரமும் பனியும் போதும். சித்திரைக்குள்ள எடுத்துருவோம். எங்க அப்பா காலத்துல குடியானவன் வீட்டுக் கல்யாணம் நெல்லு காசுல நடக்காது, உளுந்து காசுலதான் நடக்கும்பாங்க.

இப்ப ஏன் கொறஞ்சு போச்சுன்னா அறுப்பு மெஷின். ஆள் கெடைக்கல, நடவுக்கே வங்காளத்துல இருந்து ஆள் வர்றாங்க. வயல் ஈரமா இருக்குறதால டயர் வண்டி எறங்காது, பெல்ட் வண்டிதான். அது திரும்புற எடமெல்லாம் மொளைச்ச உளுந்த அப்படியே மண்ணோட மண்ணா நசுக்கிட்டுப் போயிடும். மிஞ்சுறத ஊர் மாடு மேயும். அறுத்த பொறவு தெளிக்கலாமேனு கேப்பீங்க, அதுக்குள்ள ஈரம் போயிரும். இந்த ஒரு பிரச்சினைக்கு வழி கண்டுபுடிச்சு குடுத்தா பர்மாவுக்கு கப்பல் அனுப்ப வேணாம், எங்க நாலு மாவட்டமே நெறைய குடுக்கும்.

டீக்கடை பெஞ்ச்:
அண்ணே அந்த வண்டிச் செலவு ஆஃபர் எனக்கும் உண்டா

கீழத்தஞ்சை:
வாங்க. நடவுக்கு ஒரு ஆள் கொறையுது.

நிலா அக்ரி:
கீழத்தஞ்சை ஐயா சொன்ன நெல் தரிசு உளுந்து ரொம்ப முக்கியமான விஷயம், கிழக்கு இந்தியால நெல்லு அறுத்துட்டு சும்மா கெடக்குற நெலம் கோடி ஏக்கர் கணக்குல இருக்கு, அங்கயும் இதே முறையத்தான் பரப்பப் பாக்குறாங்க.

இன்னொரு சுவாரசியம். 1960-61ல தீவிர வேளாண் மாவட்டத் திட்டம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, மொதல்ல ஏழே மாவட்டம், அதுல தஞ்சாவூரும் இருந்துச்சு லூதியானாவும் இருந்துச்சு. ரெண்டு ஊரும் ஒரே க்ளாஸ்ல படிச்ச பசங்க. ஆடுதுறை 27 நெல்லு இங்க, குட்டைக் கோதுமை அங்க. அப்ப விவசாய மந்திரி நம்ம பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம், 1966ல மெக்சிகோல இருந்து 18,000 டன் கோதுமை வெதை எறக்குனது அவர் காலத்துலதான். அமெரிக்கா பிஎல் 480 திட்டத்துல அனுப்புன தானியக் கப்பல எதிர்பாத்து சோறு தின்ன நாடு, அதனால நெல்லும் கோதுமையும்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுது. அந்த நேரத்துக்கு அது தப்பில்ல.

கரிசல் பாண்டி:
எல்லாரும் தண்ணி இருக்குற ஊர்க்காரங்களாவே பேசுறீங்க. கோவில்பட்டிப் பக்கம் மானாவாரிக்காரன் ஒருத்தன் பேசட்டுமா. நாங்க பருப்புதான் போடுறோம். உளுந்து, பாசி, அதோட கம்பு, வெள்ளைச்சோளம், மக்காச்சோளம், பருத்தி. அரசாங்கம் ஆசப்படுற "மாற்றுப் பயிர்" எல்லாத்தையும் எங்க பாட்டன் காலத்துல இருந்து போட்டுக்கிட்டுத்தான் இருக்கோம், எங்களுக்கு யாரு மாலை போட்டா?

புரட்டாசில ஈரம் பாத்து வெதைக்கணும். சில வருஷம் மழைய நம்பி காஞ்ச மண்ணுலயே வெதைச்சுப் போட்டுருவோம். அப்புறம் மழை வரலைன்னா வெதை எறும்புக்கு. வந்தா மஞ்சத் தேமல் நோய். அதையும் தாண்டி அறுபத்தஞ்சு எழுவது நாள்ல காய் காஞ்சு நிக்கும்போது மார்கழி மழை புடிச்சுக்கிட்டா செடியிலயே பயறு கறுத்து மொளை விட்டுரும். புடுங்கிக் களத்துல போட்டு டிராக்டர் ஓட்டி, தூத்தி, மூட்டை புடிச்சு கொண்டுபோனா ஏவாரி கைய விட்டு ஒரு புடி அள்ளி, ரெண்ட வாயில போட்டுக் கடிச்சுப் பாத்துட்டு "ஈரம் இருக்கு, கல்லு இருக்கு, பர்மா வந்து எறங்கியிருக்கு"ம்பான். பர்மா வந்து எறங்குறது வருஷா வருஷம் கரெக்டா எங்க அறுப்புக்குத்தான்.

2025-26க்கு உளுந்து எம்எஸ்பி 7800ம்பாங்க. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல அந்த ரேட்டுக்கு எடுக்குறாங்கதான், இல்லைங்கல. சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் எல்லாம் கொண்டு போகணும், ஈரம் 12 சதவீதத்துக்கு மேல இருந்தா திருப்பி அனுப்பிருவாங்க, ஏக்கருக்கு இவ்வளவுதான்னு அளவு வேற. அவங்க தொறக்குற வரைக்கும் வட்டிக்காரன் காத்திருக்க மாட்டான். பாதிப்பேரு வெளிய வித்த பொறவுதான் அறிவிப்பே வரும்.

மணி தம்பி, பருப்பு வெல ஏறுனா டிவில ஒரு வாரம் பேசுவீங்க. வெல விழுந்தா யாராச்சும் பேசிருக்கீங்களா?

குரோம்பேட்டை மணி:
அண்ணே கோவப்படாதீங்க. ஆனா டவுன்ல சம்பளத்துல ஓட்டுறவனும் மனுசன்தான, துவரம்பருப்பு கிலோ 200 ஆனப்போ எங்க வீட்டுல சாம்பாரே ரசம் மாதிரிதான் இருந்துச்சு. அப்ப இறக்குமதி பண்ணாம என்ன பண்றது?

பருப்புக் கமிஷன்:
விருதுநகர்ல பருப்பு யாவாரம் பண்றவன் நான், பாண்டி அண்ணாச்சி திட்டுன ஆளு மாதிரி ஒருத்தன்தான், இருந்தாலும் சொல்றேன். அந்த 200 ரூவா கதைய முழுசாக் கேளுங்க. 2014, 2015 ரெண்டு வருஷமும் அடுத்தடுத்து மழை பொய்ச்சுது. 2015 அக்டோபர் வாக்குல தொவரை 200 தொட்டுச்சு. அடுத்த வருஷம் கவர்மெண்ட் தொவரை இறக்குமதிக்கு மொசாம்பிக்கோட ஒப்பந்தம் போட்டுச்சு. இந்தப் பக்கம் கர்நாடகால கலபுரகி, மகாராஷ்டிரால லாத்தூர், விதர்பா விவசாயிங்க வெலையப் பாத்துட்டு எல்லாரும் தொவரைக்குத் தாவிட்டாங்க, 2016ல மழையும் நல்லாப் பெஞ்சிருச்சு. மொத்தப் பருப்பு உற்பத்தி 163 லட்சம் டன்ல இருந்து ஒரே வருஷத்துல 230 லட்சம் டன்னுக்குப் போச்சு. கப்பலும் வந்துச்சு, களமும் நெறஞ்சுது. அப்ப எம்எஸ்பி 5050, மார்க்கெட்ல அதுக்குக் கீழ அடிபட்டு போச்சு. தொவரை ஆறு மாசப் பயிர், போட்டவன் வெலையப் பாத்து நடுவுல மாத்திக்க முடியாது. அந்த அடிய வாங்குனவன் அடுத்த வருஷம் சோயாவுக்கும் பருத்திக்கும் போயிட்டான்.

இறக்குமதியே கூடாதுனு நான் சொல்ல மாட்டேன், பொழப்பே அதுல ஓடுது. பர்மால இருந்து எஃப்ஏக்யூ, எஸ்க்யூனு ரெண்டு தர உளுந்து, லெமன்னு ஒரு ரகத் தொவரை வராம சென்னைல இட்லியே கெடையாது. 2021ல பர்மாவோட அஞ்சு வருஷ ஒப்பந்தமே போட்டாங்க, வருஷத்துக்கு ரெண்டரை லட்சம் டன் உளுந்து, ஒரு லட்சம் டன் தொவரை. தப்பு எங்கன்னா கதவத் தொறக்குறதும் மூடுறதும் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. 2023 டிசம்பர்ல மஞ்சப் பட்டாணிய வரி இல்லாம தொறந்து விட்டாங்க, மூணு மாசத்துக்குனு சொன்னாங்க, நீட்டி நீட்டி 2025 அக்டோபர் வரைக்கும் ஓட்டுனாங்க. கனடாலயும் ரஷ்யாலயும் இருந்து மலிவா வந்து குவிஞ்சுது, கடலை மாவுக்கு அதையும் அரைக்குறாங்க. கடலை போட்ட மத்தியப் பிரதேசத்துக்காரன் என்ன பண்ணுவான்? ஸ்டாக் லிமிட்னு எங்க கழுத்தையும் புடிப்பாங்க, அது தனிக் கதை.

லூதியானா செந்தில்:
// கதவத் தொறக்குறதும் மூடுறதும் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது //

இங்க 2022ல இதேதான் வேற மாதிரி நடந்துச்சு. கோதுமை அறுத்துட்டு நெல்லு நடுறதுக்கு முன்னாடி இருக்குற கேப்ல பாசிப்பயறு போடுங்க, எம்எஸ்பிக்கு நாங்க எடுத்துக்குறோம்னு மாநில அரசு சொல்லுச்சு. போட்டாங்க. கடைசில மண்டிக்கு வந்ததுல பெரும்பங்கு தனியார் கைக்கு, எம்எஸ்பிக்குக் கீழதான் போச்சு. எனக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவர் அதுக்கப்புறம் பருப்புப் பேச்ச எடுத்தாலே சிரிப்பார். நெல்லுக்குக் குடுத்த மாதிரி முப்பது வருஷம் விடாம குடுத்துப் பாருங்க, அப்ப பேசலாம்பார்.

ரேஷன்கடை ராசு:
எல்லா ஊர்லயும் எல்லா பயிரையும் கவர்மெண்டே வாங்கணும்னா துட்டு எங்கருந்து வரும்? அதையும் யோசிங்க. எஃப்சிஐய சீரமைக்கப் போட்ட சாந்தகுமார் கமிட்டி 2015ல சொன்னது எம்எஸ்பில விக்குறது 6 சதவீதம் விவசாயிதான்னு. மிச்சம் 94 பேர் எப்படி வாழ்றாங்க?

நிலா அக்ரி:
ராசு அண்ணா, எப்படி வாழ்றாங்கன்னு பாண்டி அண்ணன் மேல எழுதிருக்கார்.

காசு விஷயம், எல்லாத்தையும் வாங்கணும்னு அவசியம் இல்ல. நெல்லு வாங்குறது, ஃப்ரீ கரண்ட், யூரியா மானியம், குடோன் வாடகை எல்லாம் சேத்து பஞ்சாப் நெல்லுக்கு இப்பவே எவ்வளவு போகுதோ அதுல ஒரு பகுதிய திருப்பி விட்டாலே போதும். ஹரியானால 2020ல நெல்லு விட்டு மாறுனா ஏக்கருக்கு 7000னு குடுத்தாங்க, கொஞ்சம் பேர் மாறுனாங்க. ஆனா செந்தில் அண்ணா மேல போட்ட கணக்குல வித்தியாசமே முப்பதாயிரத்துக்கு மேல, 7000 எந்த மூலைக்கு? பருப்புக் கொள்முதல்ல உற்பத்தில 25 சதவீதம் வரைக்கும்தான்னு உச்சவரம்பு இருந்துச்சு, தொவரை உளுந்து மைசூர் பருப்புக்கு அத எடுத்துட்டாங்க, 2024 ஜனவரில தொவரை விக்க பதிவு பண்ற போர்ட்டலும் ஆரம்பிச்சாங்க. காகிதத்துல நல்லாருக்கு. ரெண்டு மூணு அறுவடை விடாம எடுத்தாங்கன்னா நம்பிக்கை வரும்.

ஒண்ணு மட்டும் எனக்கு உறுத்தும். நெல்லுலயும் கோதுமைலயும் ஆராய்ச்சி போன வேகம் பருப்புல போகல. மகசூல் ஹெக்டேருக்கு ஒரு டன்ன தொடுறதுக்கே தொவரை தெணறுது. வெல மட்டும் ஏத்தி இத சரிக்கட்ட முடியாது.

கீழத்தஞ்சை:
நெல்லுக்கு உத்தரவாதம் இருக்குனு பொறாமப்படுறவங்க ஒருதடவ கொள்முதல் நிலையத்து வாசல்ல படுத்துப் பாருங்க. ஈரம் 17 சதவீதத்துக்குள்ள இருக்கணும். குறுவை அறுப்பு வடகிழக்கு மழை தொடங்குற நேரம், 17 எங்கருந்து வரும்? ரோட்டுல கொட்டி, காய வச்சு, மேகம் கட்டுனா தார்ப்பாய் போத்தி, மறுபடி பிரிச்சு, இப்படியே கெடக்கணும். கொள்முதல் லாரி வரலை, சாக்கு இல்லைம்பான். எங்க பக்கத்துல ஒரு எடத்துல நாப்பது கிலோ சிப்பத்துக்கு இவ்வளவுன்னு கைநீட்டுற பழக்கம் வேற, பேர் சொல்ல விரும்பல. இவ்வளவு இருந்தும் நெல்லுதான் போடுறோம்னா, மாநில ஊக்கத்தொகை சேத்து 2025-26க்கு சாதா ரகமே 2500னு சொன்னாங்க பாருங்க, அதுக்குத்தான். லேட்டானாலும் வந்துரும்னு தெரியும்.

குரோம்பேட்டை மணி:
அப்ப பாண்டி அண்ணே, இந்தப் புரட்டாசிக்கு நீங்க உளுந்துதான?

கரிசல் பாண்டி:
நாலுல ஒரு பங்கு உளுந்து, மிச்சம் மக்காச்சோளம். படைப்புழு 2018ல வந்ததுல இருந்து மருந்துச் செலவு இருக்கு, காட்டுப்பன்னி வேற ராத்திரி ராத்திரி வந்து உருட்டிட்டுப் போகுது, இருந்தும் மக்காச்சோளம்தான். நாமக்கல் கோழித்தீவனக்காரன் களத்துக்கே லாரி கொண்டு வந்து நிப்பாட்டி, எடை போட்டு, அன்னைக்கே காசக் குடுத்துட்டுப் போறான். பருப்புக்கு அப்படி ஒரு லாரி வந்தா நாளைக்கே மாறிருவேன்.

பருப்புக் கமிஷன்:
அண்ணாச்சி அந்தக் கால் பங்கையாவது தைல நம்ம கடைக்குக் கொண்டு வாங்க, நாட்டு உளுந்துன்னா கேட்டு வாங்குற மில்லு இருக்கு.

கரிசல் பாண்டி:
ரேட்ட மொதல்ல சொல்லும்.

பருப்புக் கமிஷன்:
இப்பவே எப்படிச் சொல்றது, கப்பல் நெலவரம் தெரியணும்ல.